பேட்மேன் அனிமேஷன் தொடரை எங்கிருந்து தொடங்குவது? ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ வழியாக ஒரு நுழைவு

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படித்துப் பழக்கமில்லாதவர்கள் அனிமேஷன் தொடர் ஒன்றைப் பார்க்க உட்காரும்போது முதலில் திகைப்பது எண்ணிக்கையைப் பார்த்துத்தான். 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ மொத்தம் 85 எபிசோடுகள் கொண்டது. அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, தொடர் உங்களுக்கானதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டுமென்றால் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ பாருங்கள். யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான். எழுதியவர் பால் டினி, இயக்கியவர் புரூஸ் டிம். ஏறத்தாழ 22 நிமிடம். முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இந்த எபிசோடில் பேட்மேன் சண்டை போடுகிறார், ஆனால் கதையைத் திருப்புவது சண்டை இல்லை. அவர் ஒரு மனிதனுக்கு நேர்ந்ததைப் பார்க்கிறார். கதை அங்கேதான் திரும்புகிறது. அவர் எப்போது பார்க்கிறார், பார்த்த பிறகு என்ன செய்கிறார் என்பதைப் பின்தொடரத் தெரிந்துவிட்டால், மீதி எபிசோடுகளைப் பார்க்கும் கண் உங்களுக்குத் தானாகவே வந்துவிடும்.

முதல் படி: சரியான எபிசோடைக் கண்டுபிடியுங்கள்

எண்ணை நம்பாதீர்கள், பெயரைப் பாருங்கள். இந்தத் தொடருக்கு இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று தயாரிக்கப்பட்ட வரிசை, மற்றொன்று ஒளிபரப்பான வரிசை. முதலில் தயாரிக்கப்பட்டது ‘ஆன் லெதர் விங்ஸ்’. முதலில் ஒளிபரப்பானதோ ‘தி கேட் அண்ட் தி க்ளா’ என்ற கதையின் முதல் பகுதி, 1992 செப்டம்பர் 5 அன்று. மறுநாள் ‘ஆன் லெதர் விங்ஸ்’, அதற்கு மறுநாள், செப்டம்பர் 7 அன்று ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’. ஒளிபரப்பில் மூன்றாவதாக வந்த இதே எபிசோடு தயாரிப்பு வரிசையில் பதினான்காவது. டிவிடி தொகுப்பு தயாரிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது. ஆகவே, நண்பர் ஒருவர் மூன்றாவது எபிசோடு என்று சொல்லி, நீங்கள் வட்டில் மூன்றாவதைப் போட்டால் வேறு கதை ஓடும்.

வரிசை மாறிப் பார்த்தால் கதை குழம்புமோ என்ற பயம் வேண்டாம். மிகப் பெரும்பாலான எபிசோடுகள் தனித்தனிக் கதைகள். ‘முதல் பகுதி’, ‘இரண்டாம் பகுதி’ என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

ஆங்கில ஒலித்தடத்தில் பாருங்கள், ஆங்கில வசன வரிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த எபிசோடின் பாதி உயிர் குரலில் இருக்கிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: அறையை இருட்டாக்குங்கள்

வெளிச்சமான பகல் அறையில், சிறிய கைபேசித் திரையில் இதைப் பார்க்காதீர்கள். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான எரிக் ராடோம்ஸ்கி பின்னணிக் காட்சிகளைக் கறுப்புக் காகிதத்தின் மேல் தீட்டும் முறையைக் கொண்டுவந்தார். வழக்கமாக வெள்ளைக் காகிதத்தில் தொடங்கி இருளை ஏற்றுவார்கள். இங்கே இருள் ஏற்கெனவே இருக்கிறது. விளக்கு எரியும் ஜன்னல், தெருவில் விழும் ஒளிக்கீற்று, கட்டடத்தின் ஓர் ஓரம் ஆகியவை மட்டும் வண்ணமாக வந்து சேர்கின்றன. வெளிச்ச அறையில் இந்தக் கறுப்பு வெறும் சாம்பலாகத் தெரியும். கதை நடக்கும் கோத்தம் நகரம் காணாமல் போய்விடும்.

நகரத்தில் காலமும் குழம்பியிருக்கும். கார்கள் 1940களைச் சேர்ந்தவை போல நீளமாக இருக்கும், தொலைக்காட்சிகள் கறுப்பு வெள்ளையில் ஓடும், வானத்தில் போலீஸ் ஆகாயக் கப்பல்கள் தேடுவிளக்கோடு மிதக்கும். கூடவே கணினியும் இருக்கும். பிழை என்று எண்ண வேண்டாம். 1941இல் தொடங்கிய ஃப்ளைஷர் ஸ்டூடியோவின் சூப்பர்மேன் குறும்படங்களின் அழகை மனத்தில் வைத்து, எந்த ஆண்டு என்று சொல்ல முடியாத ஒரு நகரத்தை வேண்டுமென்றே கட்டியிருக்கிறார்கள்.

தொடக்கக் காட்சியைத் தாண்டிவிடாதீர்கள். டேனி எல்ஃப்மனின் இசையோடு வரும் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசப்படுவதில்லை. தொடரின் பெயரும் திரையில் வருவதில்லை. இரண்டு திருடர்கள், கூரைமேல் ஒரு நிழல், கடைசியில் ஒரு மின்னல். பெயர் போடாமலேயே யாருடைய கதை என்று புரிய வைத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: இங்கே நிறுத்துங்கள், படத்தைப் பாருங்கள்

அடுத்த பகுதியில் கதை முழுவதையும் பேசப்போகிறேன். எபிசோடை இன்னும் பார்க்கவில்லை என்றால், இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டுப் பார்த்து முடித்து வாருங்கள். முதல் தடவை எதையும் ஆராய வேண்டாம். இடையில் நிறுத்தாமல், ஒரே மூச்சில் பாருங்கள்.

குழந்தைகளோடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொடர் ஒளிபரப்பானது குழந்தைகளுக்கான நேரத்தில்தான், ரத்தக் காட்சிகள் கிடையாது. ஆனால் மனைவியை இழக்கும் கணவனின் துயரம் இந்தக் கதையின் மையம். மிகச் சிறிய பிள்ளைகள் நடுவில் வரும் ஒரு வீடியோ காட்சியில் கலங்கக்கூடும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நான்காம் படி: இரண்டாவது தடவை, மெதுவாக

இப்போது மறுபடி தொடங்குங்கள். தேவையான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் காட்சியில் ஒரு கண்ணாடிக் குண்டு. உள்ளே நடனப் பெண்ணின் சிறு பொம்மை, சுற்றிலும் பொழியும் பனி. ஒரு ஆண் குரல் அவளிடம் பேசுகிறது. அவளை என்றும் இளமையாக, என்றும் அழகாக நினைவில் வைத்திருப்பதாகச் சொல்கிறது, தன்னிடமிருந்து அவளைப் பறித்தவனைப் பழிவாங்கப்போவதாகவும் சொல்கிறது. வில்லனின் நோக்கம் முதல் நிமிடத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. யார் அவள், யார் பறித்தது என்பது மட்டும் தெரியாது. பேட்மேனுக்கோ எதுவுமே தெரியாது. நமக்குத் தெரிந்ததை அவர் எட்டிப் பிடிப்பதுதான் அடுத்த பத்து நிமிடக் கதை.

அடுத்து செய்தி ஒளிபரப்பு. கோத்தமில் ஆகஸ்ட் மாத வெயில் கொளுத்துகிறது, ஆனால் கோத்கார்ப் என்ற நிறுவனத்தின் கட்டடங்கள் பனியில் உறைந்து கொள்ளையடிக்கப்படுகின்றன. வெயில் காலத்தைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம் என்று இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் உறைக்கும். ஊரே வெயிலைச் சபித்துக்கொண்டிருக்கிறது. அந்த வெயிலுக்காக, அந்த வெப்பக் காற்றுக்காக ஏங்குகிற ஒரே மனிதன் பனிக்கவசத்துக்குள் இருக்கிறான். பின்னால் பேட்மேனைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும்போது அவனே இதைச் சொல்கிறான்: கோடை நாளில் முகத்தில் சூடான காற்று பட, ஒரு கதகதப்பான கையைப் பிடித்துக்கொண்டு இனி ஒருபோதும் நடக்க முடியாது என்கிறான். அந்த வசனம் வரும் இடத்தில் நிறுத்தி, செய்திக் காட்சிக்கு ஒருமுறை திரும்பிப் போய் வாருங்கள்.

முதல் கொள்ளையில் வில்லனான மிஸ்டர் ஃப்ரீஸின் அடியாள் ஒருவனே பனித்துப்பாக்கிக்கு இலக்காகிக் கால் உறைந்து விழுகிறான். ஃப்ரீஸ் அவனை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறான். பேட்மேனோ வில்லனைத் துரத்துவதை விட்டு அந்தத் திருடனைக் காப்பாற்ற நின்றுவிடுகிறார். மிகச் சிறிய நிகழ்வு, ஆனால் அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. பழிவாங்கும் வெறி ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது என்பதும், பேட்மேன் எந்த எல்லையைத் தாண்ட மாட்டார் என்பதும் ஒரே நேரத்தில் நமக்குத் தெரிகின்றன. யாரும் அதை வாய்விட்டு விளக்குவதில்லை.

அந்தக் குளிரில் நின்றதால் பேட்மேனுக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. தும்முகிறார். பணியாளர் ஆல்ஃபிரட் கோழி சூப்பை ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக் கொடுக்கிறார். முதல் தடவை இது ஒரு சின்னச் சிரிப்பு. இறுதியில் ஃப்ரீஸ் பேட்மேனின் கழுத்தைப் பிடித்து நெரிக்கும்போது, அவர் அந்த ஃப்ளாஸ்க்கை ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தின் மேல் உடைக்கிறார். உறைகுளிரில் இருக்கும் கண்ணாடி மேல் கொதிக்கும் சூப் பட்டதும் கண்ணாடி விரிசல் விடுகிறது. ஒரு பக்கம் திடீரென விரிவடைய, மறுபக்கம் அப்படியே இருந்தால் கண்ணாடி தாங்காது. சமையலறையில் எல்லாரும் பார்த்திருக்கும் அறிவியல் இது. ஆல்ஃபிரட்டின் அக்கறைதான் கடைசியில் பேட்மேனின் ஆயுதமாகிறது. ஃப்ரீஸுக்கு அப்படி அக்கறை காட்ட யாரும் மிச்சமில்லை. திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த ஃப்ளாஸ்க் எந்த எந்தக் காட்சியில் வருகிறது என்று குறித்துக்கொண்டால், ஒரு வகுப்பில் உட்கார்ந்த பலன் கிடைக்கும்.

ஐந்தாம் படி: வீடியோ கேசட் காட்சியில் தங்குங்கள்

எபிசோடின் நடுநாயகம் இதுதான். அதற்கு முன் ப்ரூஸ் வெய்ன், அதாவது முகமூடி அணியாத பேட்மேன், கோத்கார்ப் தலைவர் ஃபெர்ரிஸ் பாயிலைச் சந்திக்கிறார். ஒரு விஞ்ஞானி நிறுவனத்தின் கருவிகளை அனுமதியில்லாமல் பயன்படுத்தினான், தடுத்தபோது வெறிகொண்டான், விபத்தில் போய்விட்டான் என்று பாயில் சொல்கிறான். பாயிலுக்குச் சிறந்த மனிதநேயருக்கான விருது கொடுக்கப்போகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு பேட்மேன் இரவில் கோத்கார்ப்புக்குள் நுழைந்து, அந்த விபத்தின் வீடியோ பதிவைக் கண்டெடுத்துப் போட்டுப் பார்க்கிறார். திரைக்குள் இன்னொரு திரை. பாயில் சொன்ன அந்த விஞ்ஞானி, விக்டர் ஃப்ரீஸ், தன் ஆய்வைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். நோயுற்ற மனைவி நோரா உறைநிலையில், கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிறாள். பாயில் காவலர்களோடு வந்து கருவியை அணைக்கச் சொல்கிறான். விக்டர் கெஞ்சுகிறார், எதிர்க்கிறார். பாயில் சமாதானம் பேசுவதுபோல நெருங்கி, அவரை உதைத்து ரசாயனங்களின் மேல் தள்ளுகிறான்.

இங்கே உங்கள் கண் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். கேசட்டில் நடப்பதை முதல் தடவையே பார்த்துவிட்டீர்கள். இப்போது பேட்மேனின் முகத்தைப் பாருங்கள். முகமூடிக்குள் கண் என்று இருப்பது இரண்டு வெள்ளைக் கோடுகள், கீழே வாய். இவ்வளவுதான் ஓவியரிடம் இருக்கும் கருவி. அந்த இரண்டு கோடுகள் விரிவதில் அதிர்ச்சி தெரிகிறது. தேடி வந்த குற்றவாளி வேறு, கண்முன்னே காணும் குற்றவாளி வேறு என்று அவருக்குப் புரிகிற கணம் அது. உடனே பின்னாலிருந்து ஃப்ரீஸின் குரல் வருகிறது. அழுவதற்குத் தன்னிடம் கண்ணீர் இருந்திருந்தால் இதைப் பார்த்து அழுதிருப்பேன் என்கிறான்.

இந்தக் காட்சிக்குப் பிறகு பேட்மேனின் வேலை இரட்டிப்பாகிறது. பாயிலைக் கொல்லவிடாமல் ஃப்ரீஸைத் தடுக்கவும் வேண்டும், பாயிலைத் தப்பவிடவும் கூடாது. இரண்டையும் செய்கிறார். ஃப்ரீஸை வீழ்த்திய பிறகு அந்தக் கேசட்டைப் பத்திரிகையாளர் சம்மர் க்ளீசனிடம் கொடுத்துவிட்டு, பனியில் பாதி உறைந்து நிற்கும் பாயிலிடம் அவனுடைய விருதைச் சொல்லியே விடைபெறுகிறார். தண்டனையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாமல், தான் பார்த்ததை ஊரும் பார்க்கச் செய்கிறார். கடைசியில் ஆர்க்கம் மனநலக் காப்பகத்தின் குளிர் அறையில் ஃப்ரீஸ் கண்ணாடிக் குண்டோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, வெளியே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வசனம் இல்லை. வென்றவரின் மகிழ்ச்சி துளியும் இல்லை.

ஆறாம் படி: கண்ணை மூடிக் குரலைக் கேளுங்கள்

ஒரு ஐந்து நிமிடம் திரையைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். ஃப்ரீஸுக்குக் குரல் கொடுத்தவர் மைக்கேல் அன்சாரா. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் க்ளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த காங் ஆக நடித்தவர். உணர்ச்சியைக் குறைத்து, இன்னும் குறைத்துப் பேசும்படி அவரிடம் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். விளைவு, இயந்திரம் பேசுவதுபோல ஒரு தட்டையான குரல். துயரத்தைக் கத்தி அழுது காட்டுவதைவிட இது ஆழமாக இறங்குகிறது என்பது என் எண்ணம். உணர்ச்சி செத்துப்போனதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவன் ஒவ்வொரு வாக்கியத்திலும் அவளைப் பற்றியே பேசுகிறான்.

பேட்மேனின் குரல் கெவின் கான்ராய், 2022இல் மறைந்தவர். ப்ரூஸ் வெய்னாக இருக்கும்போது ஒரு குரல், முகமூடி அணிந்தால் தாழ்ந்த இன்னொரு குரல் என்று பிரித்துக் காட்டுவார். பாயிலைச் சந்திக்கும் காட்சியில் முதல் குரலைக் கேட்கலாம். அந்தப் பாயிலின் குரல் யாருடையது தெரியுமா? மார்க் ஹாமில். இந்தத் தொடரில் எப்படியாவது பங்கேற்க வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கு முதலில் கிடைத்த வேடம் இது. பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் வேடம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஜோக்கரை அறிந்தவர்கள் பாயிலின் வழவழப்பான பேச்சைக் கேட்டால் ஒரே ஆள் என்று நம்பவே மாட்டார்கள்.

ஏழாம் படி: காமிக்ஸில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காமிக்ஸைத் தழுவிய தொடர் என்றால் காமிக்ஸில் இருந்ததை அப்படியே அசைய வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நடந்தது வேறு. இந்தப் பாத்திரம் 1959இல் ‘பேட்மேன்’ இதழ் 121இல் மிஸ்டர் ஸீரோ என்ற பெயரில் அறிமுகமானது. பனித்துப்பாக்கி வைத்துக் கொள்ளையடிக்கும் சாதாரண வில்லன், அவ்வளவே. 1960களின் தொலைக்காட்சித் தொடர் அவனுக்கு மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயர் வைத்தது. மூன்று நடிகர்கள் மாறி மாறி அந்த வேடத்தில் வந்தார்கள். நோரா அப்போது எங்குமே இல்லை. அவளை உருவாக்கியது இந்த எபிசோடுதான். ஃப்ரீஸின் புதிய தோற்றத்தை, அந்த வழுக்கைத் தலையையும் சிவப்புக் கண்ணாடிகளையும், வரைந்து கொடுத்தவர் பின்னாளில் ‘ஹெல்பாய்’ படைத்த மைக் மிக்னோலா.

காமிக்ஸ் இந்தக் கதையைத் திருப்பி எடுத்துக்கொண்டது. 1997இல் வந்த ‘பேட்மேன் & ராபின்’ திரைப்படமும் நோராவை எடுத்துக்கொண்டது. தொடருக்கு எழுத்துக்கான பகல்நேர எம்மி விருதும் கிடைத்தது. இன்று ஃப்ரீஸ் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் கதை ஒரு மாலைநேரக் குழந்தைகள் நிகழ்ச்சியில் பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

எட்டாம் படி: அடுத்து என்ன பார்ப்பது

இரண்டு பாதைகள் உண்டு. உங்களுக்குப் பிடித்தது தொடரின் உலகம் என்றால், ‘ஆன் லெதர் விங்ஸ்’, பிறகு ‘டூ-ஃபேஸ்’ இரண்டு பகுதிகள், ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’, ‘பிவேர் த க்ரே கோஸ்ட்’, ‘ராபின்ஸ் ரெக்கனிங்’ என்று போங்கள். ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’ ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் முதன்முதலில் தோன்றிய எபிசோடு; அவளும் காமிக்ஸில் இல்லாமல் இந்தத் தொடரில் பிறந்தவள். ‘பிவேர் த க்ரே கோஸ்ட்’டில் 1960களின் பேட்மேனான ஆடம் வெஸ்ட் ஒரு பழைய தொலைக்காட்சி நாயகனுக்குக் குரல் கொடுக்கிறார். ‘ஐ’வ் காட் பேட்மேன் இன் மை பேஸ்மென்ட்’ எபிசோடைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அதை முதலில் பார்த்துவிட்டு, தொடர் இவ்வளவுதானா என்று விலகிப்போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஃப்ரீஸின் கதையைத் தொடர விரும்பினால் வரிசையில் ஒரு கவனம் தேவை. 1994இல் வந்த ‘டீப் ஃப்ரீஸ்’ எபிசோடு முதலில். அதன்பின் ‘சப்ஸீரோ’ என்ற முழுநீளப் படம், அதன்பின் ‘த நியூ பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்’ தொடரின் ‘கோல்ட் கம்ஃபர்ட்’. ‘சப்ஸீரோ’ வெளியானது 1998இல், ‘கோல்ட் கம்ஃபர்ட்’ வந்தது 1997இல். வெளியான ஆண்டைப் பார்த்து மாற்றிப் பார்த்தால், படத்தின் முடிவு முன்கூட்டியே உடைந்துவிடும். கடைசியாக, ‘பேட்மேன் பியாண்ட்’ தொடரின் ‘மெல்ட்டவுன்’, 1999. நான்கிலும் ஃப்ரீஸின் குரல் அன்சாராதான்.

படிக்கவும் ஆசை வந்தால் பால் டினியும் புரூஸ் டிமும் 1994இல் செய்த ‘மேட் லவ்’ காமிக்ஸைத் தேடுங்கள். ஃப்ரீஸைப் பற்றிய புதிய காமிக்ஸ் வேண்டுமென்று 2012இன் ‘பேட்மேன்’ ஆண்டு மலரை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். அதில் நோராவுக்கும் விக்டருக்கும் உள்ள உறவையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். தனிக் கதையாக அது சுவாரசியமானதுதான். ஆனால் மேலே சொன்ன நான்கையும் பார்த்து முடித்த பிறகு படித்தால், எதை மாற்றியிருக்கிறார்கள், ஏன் பல வாசகர்கள் அந்த மாற்றத்தை ஏற்கத் தயங்கினார்கள் என்பதை நீங்களே எடைபோட முடியும்.